பூசணிக் குடும்பப் பயிர்களில் தூண்டப்பட்ட சடுதிமாற்றம்

உயிரினத்தின் மரபுப் பொருளில் திடீரென ஏற்பட்டு, அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படும் மாற்றம் சடுதிமாற்றம் எனப்படுகிறது. இது இயற்கையிலேயே அரிதாக நிகழ்வது. கதிர்வீச்சினாலோ வேதிப்பொருளினாலோ மனிதர் வேண்டுமென்றே உண்டாக்கினால் அது தூண்டப்பட்ட சடுதிமாற்றம் ஆகும். பறங்கி, பூசணி, பாகல், பீர்க்கு, புடலை, சுரை, வெள்ளரி, முலாம்பழம், தர்பூசணி ஆகியவை அடங்கிய பூசணிக் குடும்பத்தில் இம்முறை இரு நோக்கங்களுக்குப் பயன்பட்டு வந்துள்ளது. புதிய ரகங்களை உருவாக்குவது ஒன்று. ஒரு குறிப்பிட்ட மரபணு செடியில் என்ன வேலை செய்கிறது என்று அறிவது மற்றொன்று. முதலாவதில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான பங்கு உண்டு. இரண்டாவது, கொடிப் பயிர் வளர்க்கும் உழவரின் நெடுநாள் கேள்வி ஒன்றுக்கு விடை தந்தது.

செஞ்சி வட்டாரமும் பறங்கியும்

விழுப்புரம் மாவட்டத்தில், மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் கோட்டையால் பெயர் பெற்ற ஊர் செஞ்சி. இப்பகுதியில் மஞ்சள் சதையுள்ள பூசணியைப் பறங்கிக்காய் என்பர். பரங்கிக்காய் என்றும் எழுதுவர். பறங்கி என்பது ஐரோப்பியரைக் குறிக்க வழங்கிய சொல். கடலூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள பறங்கிப்பேட்டையின் பெயரிலும் அச்சொல்லைக் காணலாம். பறங்கிக்காய் சேர்ந்த பேரினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் கடல்வழியாக வரத் தொடங்கிய பின்னரே அது இந்தியாவை அடைந்தது. செஞ்சியை நாயக்கர் ஆண்ட காலம் இந்தப் பரிமாற்றம் நடந்துகொண்டிருந்த காலமாகும். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியில், 1597-ஆம் ஆண்டில், இயேசு சபையைச் சேர்ந்த பிமெண்டா செஞ்சிக்கு வந்து நகரைப் பற்றி எழுதி வைத்துள்ளார்.

பாகல், பீர்க்கு, புடலை, வெள்ளரி போன்றவை பறங்கிக்கு முன்பிருந்தே இந்திய மண்ணில் விளைந்தவை. தாயகம் வேறாயினும் இவை அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன.

உழவரின் கேள்வி

பெண் பூவை அடையாளம் காண்பது எளிது. இதழ்களுக்குக் கீழே சிறு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. கொடியில் முதலில் தோன்றுபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. பின்னர் பெண் பூ வந்தாலும், ஒரு பெண் பூவுக்குப் பல ஆண் பூக்கள் என்ற விகிதமே இருக்கும். வெயில் கடுமையாகவும் பகற்பொழுது நீண்டும் இருந்தால் ஆண் பூக்கள் இன்னும் கூடும். குளிர்ந்த, பகல் குறைந்த நாட்களில் பெண் பூக்கள் அதிகரிக்கும். பெண் பூவிலிருந்துதான் காய் வருகிறது. ஆகவே பூக்களின் விகிதமே உழவரின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

1960-களின் இறுதியில் எத்திஃபான் என்ற வேதிப்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. எத்ரல் என்பது அதன் வணிகப் பெயர். செடியின் உடலில் இது சிதைந்து எத்திலீன் வாயுவை வெளிவிடுகிறது. இளம் கொடியில் தெளித்தால் பெண் பூக்கள் அதிகரிப்பதைப் பல நாட்டு ஆய்வாளரும் கண்டனர். பறங்கி உள்ளிட்ட காய்கறிக் கொடிகளுக்கு 250 பிபிஎம் செறிவில், அதாவது 10 லிட்டர் நீருக்கு 2.5 மி.லி. வீதம், விதைத்த 10 முதல் 15 நாட்களில் தொடங்கி வாரம் ஒரு முறையாக நான்கு முறை தெளிக்கலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

மருந்து பலன் தந்தது. ஏன் பலன் தருகிறது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. பூவின் பாலைத் தீர்மானிக்கும் மரபணு எது, எத்திலீன் அதை எவ்வாறு தொடுகிறது என்ற கேள்விகளுக்குப் பிற்காலத்தில் விடை தந்தவை சடுதிமாற்றச் செடிகளே.

சடுதிமாற்றத்தைத் தூண்டும் முறை

சடுதிமாற்றம் என்ற கருத்தை டச்சு நாட்டுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார். அதைச் செயற்கையாகத் தூண்ட முடியும் என்பதை அமெரிக்காவின் ஹெர்மன் முல்லர் 1927-இல் நிறுவினார். எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் சந்ததியில் சடுதிமாற்றங்கள் பன்மடங்கு பெருகியதை அவர் காட்டினார். இதற்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. முல்லரின் அறிவிப்பு வெளிவந்த மறு ஆண்டே, பார்லியிலும் எக்ஸ் கதிர் அதே விளைவைத் தருவதை லூயிஸ் ஸ்டாட்லர் வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எடின்பரோவில் சார்லட் அவர்பாக், ராப்சன் ஆகியோர் கடுகு வாயுவும் சடுதிமாற்றத்தைத் தூண்டும் எனக் கண்டறிந்தனர். வேதிப்பொருள்களின் பயன்பாடு அதிலிருந்து வளர்ந்தது. பயிர் ஆய்வில் இன்று மிகுதியாகப் பயன்படும் வேதிப்பொருள் எத்தில் மீத்தேன் சல்போனேட். விதைகளை இதன் கரைசலில் சில மணி நேரம் ஊற வைத்து, நன்கு கழுவி விதைப்பர்.

கதிருக்கும் வேதிப்பொருளுக்கும் விளைவில் வேறுபாடு உண்டு. மரபணுவை நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாக்கியமாகக் கொள்வோம். காமா கதிர் அவ்வாக்கியத்தில் சில சொற்களையே கிழித்துவிடக்கூடும். எத்தில் மீத்தேன் சல்போனேட் பெரும்பாலும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுகிறது. சொல் முழுதும் அழியாமல் ஓர் எழுத்து மாறும்போது மரபணுவின் வேலை சில நேரம் நின்றுபோகும். சில நேரம் குறையும். சில நேரம் வேறு வகையாகும். ஆய்வாளருக்கு இந்த மூன்றும் தேவை.

இந்தியாவில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புது தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் காமா தோட்டம் அமைக்கப்பட்டது. நடுவில் கோபால்ட்-60 கதிர்மூலத்தை வைத்து, சுற்றிலும் செடிகளை வளர்ப்பதே காமா தோட்டம். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் இத்துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். மெக்சிகோவிலிருந்து வந்த சோனோரா 64 என்ற செந்நிறக் கோதுமையைக் காமா கதிருக்கு உட்படுத்தி, இந்தியர் விரும்பும் பொன்னிற மணியுடைய சர்பதி சோனோரா ரகம் 1967-இல் வெளியிடப்பட்டது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் நிலக்கடலையிலும் பயறு வகைகளிலும் பல சடுதிமாற்ற ரகங்களை அளித்தது.

தமிழ்நாட்டின் கொடிக் காய்கறி ரகங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இம்முறையைக் கொடிக் காய்கறிகளில் கையாண்டு, உழவர் பயிரிடும் ரகங்களை உருவாக்கினர். அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

பி.கே.எம். 1 புடலை: தேனி மாவட்டம் பெரியகுளத்திலிருந்து வந்தது. எச் 375 என்ற வகையிலிருந்து சடுதிமாற்றத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. காய் 180 முதல் 200 செ.மீ. வரை நீளும். கரும்பச்சைத் தோலில் வெண்ணிறக் கோடுகள் ஓடும்.

பி.கே.எம். 1 பீர்க்கு: இதுவும் பெரியகுளத்தின் ரகமே. எச் 160 என்ற வகையிலிருந்து பெறப்பட்டது. காய் கரும்பச்சை நிறமும் ஆழம் குறைந்த பள்ளங்களும் உடையது.

எம்.டி.யு. 1 பாகல்: மதுரையின் பெயர் தாங்கியது. எம்.சி. 103 என்ற உள்ளூர் வகையின் விதைகளைக் காமா கதிருக்கு உட்படுத்திப் பெறப்பட்டது. சுமார் 40 செ.மீ. நீளமுள்ள காய்களைத் தருவது.

பி.கே.எம்., எம்.டி.யு. என்ற எழுத்துகள் பெரியகுளம், மதுரை ஆகிய ஊர்ப் பெயர்களின் சுருக்கமாகும். விதைக் கடையில் இப்பெயர்களைச் சொல்லி வாங்குவோருள் பலர், அந்த விதையின் முன்னோர் ஒரு காலத்தில் ஆய்வகத்தில் சடுதிமாற்றத்துக்கு உள்ளானதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ரகம் வேறு, மரபணு அறிவு வேறு

ரகம் உருவாக்குபவரின் கண் பயனுள்ள செடியைத் தேடுகிறது. ஆயிரக்கணக்கான செடிகளில் காய் நீண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை விட்டுவிடுவார். வெளிறிய இலை, குட்டைக் கொடி, பிஞ்சே பிடிக்காத செடி ஆகியவை அவருக்குக் கழிவு.

மரபணுவின் வேலையை அறிய விரும்புபவருக்கோ அந்தக் கழிவே மூலப்பொருள். தெருவில் எல்லா விளக்குகளும் எரியும்போது எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. ஒரு கம்பி அறுந்து ஒரு வீடு இருண்டால், அந்தக் கம்பியின் வேலை உடனே தெரிந்துவிடும். அதுபோல, ஒரு மரபணு கெட்டுப்போன செடியில் எந்தப் பண்பு மாறுகிறது என்று பார்த்தே அம்மரபணுவின் வேலை அறியப்படுகிறது. ஆகவே இந்த ஆய்வுக்கு இரண்டு செடிகள் தேவை. மாறிய செடி ஒன்று. மாறாத தாய் வகை மற்றொன்று. தாய் வகையின் விதை தொலைந்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும்.

செஞ்சிக்கு அருகிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. சுமார் 28 கி.மீ. தொலைவில் உள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், செஞ்சி வட்டாரத்தின் மானாவாரிப் பயிரான நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து 1940-இல் வந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியது. அந்த ரகத்தில் எத்தில் மீத்தேன் சல்போனேட்டால் குறுகிய இலையுடைய ஒரு சடுதிமாற்றச் செடி பெறப்பட்டது. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டி.எம்.வி. 2-ஐயும் அந்தக் குறுகிய இலைச் செடியையும் ஒட்டுச் சேர்த்து, அச்சந்ததியைக் கொண்டு விளைச்சல் தொடர்பான பண்புகள் குரோமோசோம்களில் எங்கே அமைந்துள்ளன என்று தேடினர். மாறியதும் மாறாததும் ஒருசேரப் பேணப்பட்டதால்தான் அந்தத் தேடல் இயன்றது.

கொடிப் பயிரில் உள்ள இடர்ப்பாடு

கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இவ்வகை ஆய்வு விரைவாக வளர்ந்தது. அது ஒரு சாண் உயரமே வளரும். தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்கும். சில வாரங்களில் முதிரும். பூசணிக் குடும்பத்தில் இந்த வசதிகள் இல்லை.

முதல் தடை இடம். கதிர் அல்லது வேதிப்பொருள் பட்ட விதையிலிருந்து முளைக்கும் முதல் தலைமுறையில் ஒடுங்கு பண்புடைய மாற்றம் வெளியே தெரியாது. அச்செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, இரண்டாம் தலைமுறையில் தேட வேண்டும். அங்கே நான்கில் ஒரு செடி என்ற அளவிலேயே அது வெளிப்படும். ஆயிரம் குடும்பங்களுக்குப் பத்துச் செடி வீதம் நட்டால் 10,000 செடிகள் ஆகும். பறங்கிக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு செடிக்கு 4 சதுர மீட்டர். மொத்தம் 4 எக்டேர், ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் தேவைப்படும்.

இரண்டாம் தடை மகரந்தச் சேர்க்கை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால் தேனீக்கள் ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும். அதைத் தடுக்க, மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் அரும்புகளை முந்தைய மாலையிலேயே கட்டி வைத்து, காலையில் கையால் மகரந்தத்தைத் தடவி, மீண்டும் மூட வேண்டும். ஒவ்வொரு கொடிக்கும் இவ்வேலையைச் செய்தாக வேண்டும்.

டில்லிங் முறை

இந்தத் தடையை ஓரளவு தளர்த்தியது 2000-ஆம் ஆண்டில் அரபிடாப்சிஸ் செடியில் அறிமுகமான டில்லிங் என்ற முறை. நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆன சொல் இது. ஆங்கிலத்தில் உழுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டீவன் ஹெனிகாஃப், லூகா கோமாய் ஆகியோரின் குழுக்கள் இதை வகுத்தன.

பழைய முறையில் மாறிய தோற்றத்தை முதலில் கண்டு, பிறகு மரபணுவைத் தேடுவர். டில்லிங் முறை எதிர்த்திசையில் செல்கிறது. ஆய்வுக்குரிய மரபணுவை முதலில் தேர்ந்துகொண்டு, அது மாறியுள்ள செடி எது என்று தேடுவர். எல்லாக் குடும்பங்களின் விதையும் டி.என்.ஏ. மாதிரியும் சேமிக்கப்படும். பல குடும்பங்களின் டி.என்.ஏ.வைக் கலந்து, அந்த மரபணுவில் எழுத்து மாற்றம் உள்ளதா என்று ஆய்வகத்திலேயே பார்ப்பர். மாற்றம் தெரிந்த குடும்பத்தின் விதையை மட்டும் எடுத்து வயலில் நட்டால் போதும். பத்து ஏக்கரில் தேட வேண்டியதைச் சில பாத்திகளில் தேடலாம்.

கிடைத்த விடைகள்

பூவின் பால் பற்றிய முதல் தெளிவு முலாம்பழத்தில் கிடைத்தது. பிரான்சில் அப்தெலஹபீத் பெந்தமனின் குழு, எத்திலீன் தயாரிப்பில் பங்கேற்கும் நொதிக்கான ஏசிஎஸ்-7 என்ற மரபணுவை 2008-இல் அடையாளம் கண்டது. இது வேலை செய்யாத செடிகளில் பெண் பூ தோன்ற வேண்டிய இடத்தில் மகரந்தத் தாளும் சேர்ந்து வளர்ந்து, இருபால் பூ உண்டாயிற்று. அதாவது பெண் பூவில் ஆண் உறுப்பு வளராமல் தடுப்பதே இம்மரபணுவின் வேலை. அடுத்த ஆண்டில், விப்-1 என்ற மரபணு செயலிழந்தால் கொடி முழுதும் பெண் பூவாகும் என்பது தெரிந்தது. 2015-இல் ஏசிஎஸ்-11 என்ற மரபணு கெட்ட முலாம்பழ, வெள்ளரிச் செடிகள் ஆண் பூக்களை மட்டுமே தந்தன. இம்முடிவுகளை உறுதி செய்வதில் டில்லிங் முறையில் பெறப்பட்ட சடுதிமாற்றச் செடிகளுக்குப் பங்கு உண்டு.

பறங்கியின் நெருங்கிய உறவான சுக்கினியில் இப்பணியை ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா பல்கலைக்கழகம் மேற்கொண்டது. எத்தில் மீத்தேன் சல்போனேட்டைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்ட அவர்களின் டில்லிங் தொகுப்பு 2014-இல் வெளியிடப்பட்டது. இந்த இனத்தில் அதுவே முதலாவது. எத்திலீனை உணராத செடிகளைக் கண்டுபிடிக்க அவர்கள் எளிய சோதனை ஒன்றைக் கையாண்டனர். இருட்டில், எத்திலீன் நிறைந்த காற்றில் முளைக்கும் நாற்று பொதுவாகக் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். அந்த வாயுவை உணராத நாற்று மட்டும் நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும். அவ்வாறு தனித்து உயர்ந்த நாற்றுகளை வளர்த்தபோது, எத்திலீனை உணரும் ஏற்பிகளுக்கான இடிஆர்1ஏ, இடிஆர்1பி என்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தது தெரியவந்தது. பெற்றோர் இருவழியிலும் மாற்றம் பெற்ற செடிகள் ஆண் பூக்களை மட்டுமே பூத்தன. 2020-இல் இம்முடிவு வெளியாயிற்று.

எத்ரல் ஏன் பலன் தருகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. பெண் பூ தொடங்க வேண்டுமானால் கொடி எத்திலீனைத் தயாரிக்கவும் வேண்டும். அதை உணரவும் வேண்டும். மருந்து எத்திலீனின் அளவைக் கூட்டுகிறது. உணரும் ஏற்பி கெட்டிருந்தால் அந்தக் கட்டளை செடிக்குள் போய்ச் சேராது.

ஒரு பயிரின் விடையை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதும் இவ்வாய்வுகள் கற்பித்த பாடம். அதே குடும்பத்தைச் சேர்ந்த தர்பூசணியில் எத்திலீன் பெண் பூக்களைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. திண்டிவனம் பகுதியில் கோடைக்கெனத் தர்பூசணி பெருமளவில் விளைகிறது. பறங்கிக்கு நல்லதென அறிந்த மருந்தைத் தர்பூசணிக்குத் தெளிக்குமுன், அந்தப் பயிருக்கும் அந்த ரகத்துக்கும் உரிய பரிந்துரையைக் கேட்டறிவது நல்லது.

பரவலான ஐயங்கள்

கதிர் பட்ட விதையிலிருந்து வந்த ரகத்தை உண்டால் கதிர்வீச்சு உடலில் சேரும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. காமா கதிர் விதையைக் கடந்து சென்றுவிடும். அது விதையைக் கதிரியக்கப் பொருளாக மாற்றுவதில்லை. மேலும் உழவரின் கைக்கு வருவது, கதிர் பட்ட அதே விதை அன்று. பல தலைமுறை கடந்து தேர்வு செய்யப்பட்ட சந்ததி.

இவை மரபணு மாற்றுப் பயிர்களா என்ற ஐயமும் எழுவதுண்டு. மரபணு மாற்றுப் பயிரில் பெரும்பாலும் வேறோர் உயிரினத்தின் மரபணு ஆய்வகத்தில் சேர்க்கப்படுகிறது. சடுதிமாற்ற ரகத்தில் வெளியிலிருந்து எதுவும் சேர்வதில்லை. பன்னாட்டு அணுசக்தி முகமையும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் பேணும் பட்டியலில் 3,400-க்கும் மேற்பட்ட சடுதிமாற்ற ரகங்கள் உள்ளன.

முறைக்கு வரம்பும் உண்டு. ஒரு விதையில் ஒரே நேரத்தில் பல மரபணுக்கள் மாறிவிடுகின்றன. கண்ட விளைவுக்கு எந்த மாற்றம் காரணம் என்று உறுதி செய்ய, சடுதிமாற்றச் செடியைத் தாய் வகையுடன் மீண்டும் மீண்டும் ஒட்டுச் சேர்த்து, தேவையற்ற மாற்றங்களைக் களைய வேண்டும். இங்கும் தாய் வகையின் விதை இன்றியமையாதது.

இன்றைய நிலை

வெள்ளரியின் முழு மரபணுத் தொகுதி 2009-இலும், பாகல், பறங்கி ஆகியவற்றின் தொகுதிகள் 2017-இலும் வெளியிடப்பட்டன. இதனால் சடுதிமாற்றச் செடி ஒன்றையும் அதன் தாய் வகையையும் முழுமையாகப் படித்து, எந்த எழுத்து மாறியது என்று கண்டறிவது எளிதாகியுள்ளது. குறிப்பிட்ட மரபணுவை மட்டும் திருத்தும் புதிய முறைகளும் வந்துவிட்டன. ஆனால் எந்த மரபணுவைத் திருத்துவது என்ற அறிவு பெரும்பாலும் பழைய சடுதிமாற்றச் செடிகளிலிருந்தே வருகிறது.

பெரியகுளம், மதுரை ரகங்கள் உழவருக்குக் காய் தந்தன. எச் 375, எச் 160, எம்.சி. 103 ஆகிய தாய் வகைகளுக்கும் அவற்றிலிருந்து பிறந்த ரகங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில், காயின் நீளம், தோலின் நிறம், பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றை ஆளும் மரபணுக்கள் பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது. அதைப் படிக்க இரண்டு விதைகளும் வேண்டும். ஊர்தோறும் வழங்கிவரும் நாட்டுப் பறங்கி, பாகல், பீர்க்கு விதைகளைப் பேணுவது பழமையைப் போற்றுவதற்காக மட்டும் அன்று. நாளைய மாணவர் கேட்கப்போகும் கேள்விக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விதை மிஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகவும் ஆகும்.